ஃபார்மட் என்னும் சர்வரோக நிவாரணி

கணினி மெதுவாக ஓடினால் வைரஸ். மூலையில் விளம்பரம் எட்டிப் பார்த்தால் வைரஸ். தானாக அணைந்து தானாக எழுந்தாலும் வைரஸ்தான். நோய் ஒன்றே என்று முடிவான பிறகு மருந்தும் ஒன்றாகத்தானே இருக்க முடியும்? "ஃபார்மட் அடிச்சு ஓஎஸ் போட்டுட்டா சரியாயிடும்" என்ற வாக்கியத்தைத் தெருமுனை சர்வீஸ் கடையிலும் கேட்கலாம், சொந்தத்தில் 'கம்ப்யூட்டர் படிச்ச' பையனிடமும் கேட்கலாம், அலுவலகங்களின் ஐடி பிரிவிலும் கேட்கலாம். மறுத்துப் பேசுபவர்கள் குறைவு. ஃபார்மட்டே கூடாது என்று நானும் சொல்ல வரவில்லை. அது தேவைப்படும் இடம் உண்டு, பின்னால் பார்ப்போம். கோளாறு என்னவென்று பார்ப்பதற்கு முன்பே ஃபார்மட்டுக்குப் போவதைத்தான் மறுக்கிறேன். வைரஸ் இல்லாத கணினியில் அது வீண் இழப்பு. வைரஸ் இருக்கிற கணினியில் இன்னும் மோசம்: ஆபத்து நீங்கிவிட்டது என்ற பொய் நிம்மதியைக் கொடுத்து, உடனே செய்திருக்க வேண்டிய வேலைகளை மறக்கடித்துவிடுகிறது.

இந்த நம்பிக்கைக்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. விண்டோஸ் 98, எக்ஸ்பி நாள்களில் வைரஸ் தடுப்பு மென்பொருள் விண்டோஸோடு சேர்ந்து வரவில்லை. பென் டிரைவைச் செருகினால் போதும், ஆட்டோரன் வசதியைப் பிடித்துக்கொண்டு அதிலிருக்கும் கெட்ட நிரல் தானே ஓடத் தொடங்கிவிடும். 2008 நவம்பரில் பரவத் தொடங்கிய கான்ஃபிக்கர் புழு, தான் புகுந்த கணினியில் விண்டோஸ் அப்டேட்டையும் வைரஸ் தடுப்பு நிறுவனங்களின் தளங்களையும் எட்டவிடாமல் அடைத்துவைத்தது. அப்படிப்பட்ட ஒன்றோடு மல்லுக்கட்டுவதைவிட எல்லாவற்றையும் துடைத்துவிட்டு மறுபடி நிறுவுவதே சுலபம் என்று ஒரு தலைமுறை டெக்னீஷியன்கள் கற்றுக்கொண்டதில் வியப்பில்லை. ஆனால் அப்போதே இந்த மருந்தில் ஓட்டை இருந்தது. 2003-இல் பிளாஸ்டர், 2004-இல் சாஸர் என்று வந்த புழுக்களுக்கு யாரும் எதையும் திறக்க வேண்டியதில்லை. அப்டேட் ஆகாத எக்ஸ்பி இணையத்தோடு இணைந்திருந்தாலே போதும். ஃபார்மட் செய்து பழைய சிடியிலிருந்து எக்ஸ்பி போட்ட கணினி, அப்டேட்டுகளை இறக்கி முடிப்பதற்குள்ளேயே மறுபடி தொற்று வாங்கிக்கொள்ளும். 2017 மே 12 அன்று உலகைக் கலக்கிய வான்னாக்ரை விஷயத்திலும் இதே கதைதான். அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. வருடக்கணக்கில் ஃபார்மட்டையே காணாமல், அப்டேட்டை மட்டும் ஒழுங்காக வாங்கிக்கொண்டிருந்த கணினிக்கு அந்த ஓட்டை அடைபட்டிருந்தது. முந்தின நாள்தான் துடைக்கப்பட்டு, பழைய டிவிடியிலிருந்து விண்டோஸ் 7 ஏறிய கணினிக்கு அது திறந்தே கிடந்தது. புதிதாக நிறுவியது வேறு, பாதுகாப்பானது வேறு.

இன்றைக்கு வருவோம். விண்டோஸ் 7 வந்தபோதே பென் டிரைவுக்கான ஆட்டோரன் நிறுத்தப்பட்டது. 2011 பிப்ரவரியில் எக்ஸ்பிக்கும் விஸ்டாவுக்கும் அதே மாற்றம் அப்டேட்டாக வந்தது. 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் டிஃபெண்டர் என்ற வைரஸ் தடுப்பு மென்பொருள் உள்ளேயே இருக்கிறது. ஆகவே வீட்டுக் கணினியில் வைரஸ் என்று பேர் வாங்கும் கோளாறுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால், பலவற்றுக்கும் வைரஸோடு எந்த உறவும் இருப்பதில்லை. மெதுவாக ஓடுவதையே எடுத்துக்கொள்வோம். சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸ் 10 ஓடும் கணினியில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்தால், டிஸ்க் என்ற பத்தி 100 சதவீதத்தில் நிற்பதைப் பல வீடுகளில் காணலாம். அந்த வேகத்துக்கு மேல் அந்த டிஸ்க்கால் ஓட முடியாது. எஸ்எஸ்டி மாற்றினால் பிரச்சினை தீரும், அதற்கும் இருக்கிற விண்டோஸை அப்படியே குளோன் செய்து ஏற்றிக்கொள்ளலாம். எந்தத் தளத்தைத் திறந்தாலும் இணைப்பு பாதுகாப்பானது இல்லை என்று பிரவுசர் மிரட்டுகிறதா? கீழே வலது மூலையில் தேதியைப் பாருங்கள். மதர்போர்டில் இருக்கும் சிஆர் 2032 பட்டன் பேட்டரி தீர்ந்துபோனால் கணினியின் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் அந்தத் தேதியில் இன்னும் பிறக்கவே இல்லை என்று பிரவுசர் நினைக்கும். சில பத்து ரூபாய் பேட்டரிக்குப் பதிலாக ஃபார்மட் நடக்கும், தேதியைக் கையால் சரிசெய்வார்கள், மின்சாரம் ஒருமுறை போனதும் 'வைரஸ்' திரும்பி வரும். தானாக அணைவதற்குத் தூசியடைத்த விசிறியோ களைத்துப்போன எஸ்எம்பிஎஸ்ஸோ காரணமாக இருக்கலாம்.

மூலையில் எட்டிப் பார்க்கும் "உங்கள் கணினியில் 5 வைரஸ்கள்" என்ற எச்சரிக்கை இன்னும் வேடிக்கையானது. ஏதோ ஒரு தளத்தில் படம் பார்க்கும் அவசரத்தில் 'அலௌ' பட்டனை அழுத்தியிருப்பார்கள். அன்றிலிருந்து அந்தத் தளம் பிரவுசர் வழியாக அறிவிப்பு அனுப்பிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். பிரவுசர் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன் பகுதிக்குப் போய் அந்தத் தளத்தின் பேரை நீக்கினால் நின்றுவிடும். ஆனால் 'எது நடந்தாலும் வைரஸ்' என்று பழகிய மனம் அந்த அறிவிப்பை நம்புகிறது, அதிலிருக்கும் எண்ணுக்குப் போன் செய்கிறது, மறுமுனையில் இருப்பவர் சொன்னபடி கணினியின் கட்டுப்பாட்டையே ஒப்படைக்கிறது. 2023 அக்டோபரில் சிபிஐ நடத்திய 'ஆபரேஷன் சக்ரா 2' நடவடிக்கையில், மைக்ரோசாஃப்டும் அமேசானும் கொடுத்த புகார்களின் பேரில் சிக்கியவை, தொழில்நுட்ப உதவி என்ற பேரில் வெளிநாட்டினரை ஏமாற்றிய கால் சென்டர்கள். அந்த வியாபாரத்துக்கு முதலீடே இந்த மூடநம்பிக்கைதான்.

"என்ன சொன்னாலும் ஃபார்மட் செய்த பிறகு சரியாகிவிட்டதே" என்பார்கள். இதுதான் இந்த நம்பிக்கையை உயிரோடு வைத்திருக்கும் சான்று, ஆகவே இதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். கடைக்குப் போன கணினிக்கு என்னென்ன நடக்கிறது? கேபினெட்டைத் திறந்து புளோயரால் தூசி ஊதுகிறார்கள். ராமைக் கழற்றி, அதன் முனைகளை ரப்பரால் தேய்த்து மறுபடி மாட்டுகிறார்கள். கேபிள்களை அழுத்திவிடுகிறார்கள். பிறகு ஃபார்மட். குணமானது எதனால்? தெரியாது, ஆனால் பில்லில் எழுதப்படுவது ஃபார்மட் மட்டுமே. இரண்டாவது, புதிய விண்டோஸில் கூடவே கிளம்பும் நிரல்கள் அதிகம் இருப்பதில்லை. பிரிண்டர் மென்பொருள், வீடியோ அழைப்புச் செயலி, கேம் லாஞ்சர், யாரும் கேட்காமல் வந்து ஒட்டிக்கொண்ட 'கிளீனர்' என்று எல்லாம் போய்விட்டதால் ஒரு மாதம் வேகமாகத்தான் ஓடும். அவை மீண்டும் ஒவ்வொன்றாக ஏறியதும் பழைய வேகம் திரும்பும். இதையே டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பகுதியில் தேவையில்லாதவற்றை நிறுத்தி, ஒரு கோப்பையும் இழக்காமல் சாதித்திருக்கலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஃபார்மட் தேவைப்படுகிறது என்றால் அது பராமரிப்பு இல்லை; முதல் தடவையே காரணத்தைக் கண்டுபிடிக்கவில்லை என்பதன் ஒப்புதல்.

இழப்பு என்றால் என்ன இழப்பு? "சி டிரைவ்ல முக்கியமா ஏதாவது இருக்கா?" என்று கேட்பதோடு கடையின் பொறுப்பு முடிந்துவிடுகிறது. டெஸ்க்டாப்பும் டாகுமென்ட்ஸும் டவுன்லோட்ஸும் சி டிரைவில்தான் இருக்கின்றன என்பது கேட்கப்பட்டவருக்குப் பெரும்பாலும் தெரியாது. டாலி கணக்கு எந்த ஃபோல்டரில் இருக்கிறது, அவுட்லுக்கில் இருக்கும் பத்து வருட மின்னஞ்சல் எந்தக் கோப்பில் இருக்கிறது என்பதும் தெரியாது. தமிழில் தட்டச்சு செய்கிறவர்களுக்கு இன்னொரு அடியும் உண்டு. தமிழக அரசு 2010-இலேயே யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டாலும், வானவில் அவ்வையாரிலும் பாமினியிலும் அடித்த விண்ணப்பங்களும் மலர்களும் புத்தகங்களும் இன்னும் எத்தனையோ கணினிகளில் இருக்கின்றன. ஃபார்மட்டில் எழுத்துரு போய்விடும். பத்திரமாகப் பிரதி எடுத்து வைத்த கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த கிறுக்கலாகத் தெரியும். "வைரஸ் ஃபைலையும் தின்னுடுச்சு" என்று அதையும் வைரஸ் கணக்கிலேயே எழுதிவிடுவார்கள். விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில் டிஸ்க் தானாகவே குறியாக்கம் செய்து பூட்டப்படுகிறது என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சி டிரைவைத் துடைத்துப் புதிதாக நிறுவினால், தொடாமல் விட்ட டி டிரைவ் 48 இலக்கத் திறவுகோலைக் கேட்கும். அது எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கிறது என்று தெரியாதவருக்கு டி டிரைவும் போனது போனதுதான்.

வைரஸ் உண்மையிலேயே இருக்கும்போதும் அவசர ஃபார்மட் காரியத்தைக் கெடுக்கிறது. ஜெராக்ஸ் கடைப் பென் டிரைவ்களில் பிரபலமான ஷார்ட்கட் வைரஸைப் பாருங்கள். அது கோப்புகளை அழிப்பதில்லை; அவற்றை மறைத்துவிட்டு அதே பேரில் ஷார்ட்கட்டுகளை வைக்கிறது. மறைந்த கோப்புகளையும் சிஸ்டம் கோப்புகளையும் காட்டும்படி செட்டிங்கை மாற்றினால் எல்லாம் அங்கேயே இருப்பது தெரியும். பென் டிரைவை ஃபார்மட் செய்கிறவர், வைரஸ் விட்டுவைத்ததைத் தன் கையாலேயே அழிக்கிறார். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேரில் இது இன்னும் கொடுமை. டெஸ்லாகிரிப்ட் என்ற ரான்சம்வேரை நடத்தியவர்கள் 2016 மே மாதம் கடையைக் கட்டியபோது, மூலத் திறவுகோலைத் தாங்களே வெளியிட்டார்கள். கிராக் மென்பொருள்களோடு பரவிய ஸ்டாப் வகை ரான்சம்வேரின் 148 திரிபுகளுக்கு 2019 அக்டோபரில் எம்சிசாஃப்ட் என்ற பாதுகாப்பு நிறுவனம் இலவசக் கருவி கொடுத்தது. யூரோபோலும் நெதர்லாந்து காவல்துறையும் இரண்டு பாதுகாப்பு நிறுவனங்களும் 2016-இல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' தளத்தில் இப்படிப்பட்ட கருவிகள் தொடர்ந்து சேர்ந்துகொண்டே இருக்கின்றன. பூட்டப்பட்ட கோப்புகளையும் மிரட்டல் குறிப்பையும் ஒரு டிஸ்க்கில் எடுத்து வைத்திருந்தவர்களுக்கு மட்டுமே இதனால் பயன். அன்றே ஃபார்மட் செய்தவர்களுக்குத் திறவுகோல் கிடைத்தும் திறக்க எதுவுமில்லை.

இன்றைய பெரிய ஆபத்து இவற்றையெல்லாம் விடச் சத்தமில்லாதது. தகவல் திருடும் நிரல்கள் கணினியை மெதுவாக்குவதில்லை, மிரட்டுவதில்லை; பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும் லாகின் குக்கிகளையும் சில நொடிகளில் அள்ளிக்கொண்டு போய்விடும். லும்மா என்ற ஒன்றை 2025 மே மாதம் முடக்கியபோது, அதற்கு முந்தைய இரண்டு மாதங்களில் மட்டும் 3,94,000 விண்டோஸ் கணினிகளில் அது புகுந்திருந்ததைக் கண்டறிந்ததாக மைக்ரோசாஃப்ட் சொன்னது. 'நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபியுங்கள்' என்று போலியாகக் கேட்டு, விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் அழுத்தி எதையோ ஒட்டி என்டர் தட்டச் சொல்வது அது பரவிய வழிகளில் ஒன்று. இதற்கு ஃபார்மட் என்ன செய்யும்? திருட்டு முடிந்துவிட்டது. குக்கி கையில் இருப்பவருக்குப் பாஸ்வேர்டும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம். உங்கள் மின்னஞ்சலுக்குள் நீங்களாகவே உட்கார்ந்துவிடுவார். செய்ய வேண்டியது, வேறொரு நல்ல கருவியிலிருந்து மின்னஞ்சல் பாஸ்வேர்டை முதலில் மாற்றுவது, எல்லாக் கருவிகளிலிருந்தும் லாக்அவுட் செய்யும் வசதியைப் பயன்படுத்துவது, பிறகு வங்கி, சமூக ஊடகம் என்று வரிசையாக மாற்றுவது, பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைப்பது. ஃபார்மட் முடிந்ததும் நிம்மதியாகத் தூங்கப் போகிறவர் இதில் ஒன்றையும் செய்வதில்லை. கெட்ட எக்ஸ்டென்ஷன் காரணமாக இருந்தால், புது விண்டோஸில் பழைய கணக்கோடு குரோமுக்குள் நுழைந்ததும் சிங்க் வழியாக அதுவும் கூடவே வந்து சேரும்.

புதிதாக ஏற்றப்படும் விண்டோஸ் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை. கடையில் இருக்கும் பென் டிரைவில் யாரோ தொகுத்த ஐஎஸ்ஓ. அதை உரிமம் இல்லாமல் ஆக்டிவேட் செய்ய ஒரு கேஎம்எஸ் கருவி. அது ஓடுவதற்காக முதல் வேலையாக டிஃபெண்டரை நிறுத்துவது. கேஎம்எஸ்பிகோ என்று சொல்லி இறக்கப்படும் போலி நிறுவிகளோடு கிரிப்ட்பாட் என்ற திருட்டு நிரல் வருவதை 2021 டிசம்பரில் ரெட் கேனரி நிறுவனம் அம்பலப்படுத்தியது. 2011-இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் சீனாவின் பல ஊர்களில் 20 புதிய கணினிகளை வாங்கிச் சோதித்தபோது, நான்கில் நிறுவப்பட்டிருந்த கள்ள விண்டோஸோடு தீநிரலும் இருந்தது. பெட்டியைப் பிரிக்காத கணினிக்கே அந்தக் கதி. வைரஸ் நீக்கப் போய் வைரஸுக்குக் கதவு திறந்துவிட்டு வருவது நம் ஊர் ஃபார்மட்டின் பெரிய முரண்.

இனி, இதற்கு எதிரான வலுவான வாதம். பாதுகாப்பு வல்லுநர்களே துடைத்துவிட்டு மறுபடி நிறுவத்தானே சொல்கிறார்கள்? ஆம். மைக்ரோசாஃப்டில் இருந்த ஜெஸ்பர் ஜொஹான்சன் 2004-இல் எழுதிய, இன்றும் பேசப்படும் கட்டுரையின் முடிவே அதுதான்: ஊடுருவப்பட்ட கணினியை வைரஸ் ஸ்கேனரால் சுத்தம் செய்துவிட்டதாக நம்ப முடியாது, தரைமட்டமாக்கி மறுபடி கட்டு. இதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதே கட்டுரை இன்னொன்றும் சொல்கிறது: அந்தக் கணினியிலிருந்து பிரதியெடுத்த தரவையும் நம்ப முடியாது. அந்தப் பாதியை நம் ஊர் வழக்கம் விழுங்கிவிட்டது. சி டிரைவிலிருந்ததை டி டிரைவுக்குத் தள்ளி, சி டிரைவைத் துடைத்து, மறுபடி அப்படியே திரும்பக் கொட்டுவதை ஜொஹான்சன் எங்கும் பரிந்துரைக்கவில்லை. ஊடுருவல் உறுதியாகத் தெரிந்த பிறகு, நல்ல மூலத்திலிருந்து, நுழைந்த ஓட்டையை அடைத்தபடி செய்வதே அவர் சொன்னது. நானும் அந்த ஃபார்மட்டை ஆதரிக்கிறேன்: தகவல் திருடும் நிரலோ, தொலைவிலிருந்து இயக்கும் நிரலோ ஓடியது உறுதியானால், கணக்குகளைக் காப்பாற்றிய பிறகு, மைக்ரோசாஃப்டின் தளத்திலிருந்தே இறக்கிய விண்டோஸைப் போடுங்கள். (2018-இல் ஈசெட் கண்டுபிடித்த லோஜாக்ஸ் போல மதர்போர்டு சிப்பிலேயே குடியேறுபவைக்கு இதுவும் போதாது; ஆனால் அவை பெரும்பாலும் அரசாங்கங்களைக் குறிவைப்பவை, வீட்டுக் கணினியைத் தேடி வருவது அரிது.)

இரண்டாவது வாதம் காசு பற்றியது, அதை நான் இலேசாக ஒதுக்கமாட்டேன். ஃபார்மட்டுக்கு ஒரு மணி நேரம் என்று கணக்குச் சொல்லலாம், காரணத்தைத் தேடினால் அரைநாள்கூட ஆகலாம். சென்னை ரிச்சி தெருவிலோ சின்ன ஊர்க் கடைத்தெருவிலோ சொற்ப சர்வீஸ் சார்ஜில் பிழைக்கிறவர் எப்படித் தேடிக்கொண்டிருப்பார்? நியாயமான கேள்வி. இதில் குற்றம் அவருடையது மட்டும் அல்ல. "பாத்ததுக்கு மட்டும் காசா?" என்று கேட்கிற வாடிக்கையாளர்களாகிய நாம்தான், பார்க்காமலே செய்யும் வேலைக்குக் கேள்வி கேட்காமல் காசு கொடுத்துப் பழக்கியிருக்கிறோம். ஆனால் மிச்சமாகும் அந்த நேரம் காற்றில் வருவதில்லை. டாலி கணக்கை மறுபடி ஏற்றும் நாள்கள், தொலைந்த குடும்பப் படங்கள், மூன்றாம் மாதம் மறுபடி கடைக்கு எடுத்துப்போகும் ஆட்டோ கட்டணம் என்று அதை வாடிக்கையாளர்தான் கட்டுகிறார். டிஸ்க்கே சாகக் கிடக்கும்போது பெரிய தொகையே கட்ட வேண்டியிருக்கும். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற இலவசக் கருவி டிஸ்க்கின் உடல்நிலையை ஒரு நிமிடத்தில் காட்டிவிடும். அதைப் பார்க்காமல், தேய்ந்த டிஸ்க்கின் மேல் பல ஜிபி விண்டோஸை எழுதினால், மீட்க முடிந்திருக்கும் கோப்புகளும் போய்விடும்.

"இதெல்லாம் சாதாரண ஆளுக்குப் புரியுமா?" என்பது மூன்றாவது. யுபிஐயில் பணம் அனுப்பத் தெரிந்தவருக்குப் புரியும். தேதியைப் பார்ப்பது, டாஸ்க் மேனேஜரில் எந்தப் பத்தி உச்சத்தில் நிற்கிறது என்று பார்ப்பது, பிரவுசரில் தெரியாத எக்ஸ்டென்ஷனையும் அறிவிப்பு அனுமதியையும் நீக்குவது, டிஸ்க்கின் உடல்நிலையைச் சோதிப்பது. இவற்றுக்குப் பிறகும் சந்தேகம் இருந்தால் டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேன். அது கணினியை ரீஸ்டார்ட் செய்து, விண்டோஸ் எழுவதற்கு முன்பே தேடுவதால், ஒளிந்துகொள்ளும் நிரல்களுக்கு ஒளிய இடம் குறைவு. இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2017-இல் தொடங்கிய சைபர் ஸ்வச்தா கேந்திராவின் தளத்திலும் இலவச நீக்கும் கருவிகள் கிடைக்கின்றன. டெக்னீஷியனாக இருந்தால் சிஸ்இன்டர்னல்ஸின் ஆட்டோரன்ஸ் கருவியைப் பழகிக்கொள்ளலாம். கணினியோடு சேர்ந்து கிளம்பும் ஒவ்வொன்றையும் அது வரிசையாகக் காட்டிவிடும். இதில் எதற்கும் காசு இல்லை, எதிலும் ஒரு கோப்பும் அழிவதில்லை.

சர்வீஸ் கடை நடத்துகிறவர்கள் ஆய்வுக் கட்டணம் என்று தனியாக ஒரு தொகை வைக்கட்டும். கண்டுபிடித்த கோளாறை ஒரு வரியில் பில்லில் எழுதிக் கொடுக்கட்டும். அந்தத் தொகையைப் பேரம் பேசாமல் கொடுங்கள். கோளாறு என்ற இடத்தில் 'வைரஸ்' என்று மட்டும் எழுதியிருந்தால், எந்த வைரஸ், எப்படி வந்தது என்று கேட்டுவிட்டுப் பணத்தை எடுங்கள்.